பைப்புக்கு ஏற்ற நெருப்பு

அங்கிளின் பைப்பை நான் முதன்முதலாக வாயில் வைத்தபோது அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. புனேயின் கட்கியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜன்னல்களைச் சாத்தித் திரைச்சீலையையும் இழுத்துவிட்டிருந்த முன்னறையில், அவருடைய பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே முக்காலியில் அவர் மனைவி, கையில் தீப்பெட்டியோடு. நான் அப்போது இருபத்துமூன்று வயதுப் பெண். கோயம்புத்தூரில் என் அப்பா, பஸ்ஸில் யார் மேலாவது பீடி வாடை அடித்தால் எழுந்து இடம் மாறி உட்காருகிறவர். "பயப்படாத பிள்ள. ஸ்ட்ரா போட்டு கலர் குடிப்பேல்லா, அதே மாதிரி உறிஞ்சு. உள்ள முழுங்கிராத" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி குச்சியைக் கிழித்தார். முழுங்கக் கூடாது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் சரியாகவே செய்தேன். நான் இருமிய இருமலில் பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா சுவரைத் தட்டி "காய் ஜாலா?" என்று கேட்டார். "குச் நஹி, குச் நஹி" என்று கத்திக்கொண்டே ஆன்ட்டி என் முதுகைத் தடவிவிட்டார். பிறகு காற்றை இரண்டு தரம் மோந்து பார்த்துவிட்டு, "இது இல்ல" என்றார்.

அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஆகுர்டியில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் வரையும் வேலை கிடைத்துப் புனே வந்திருந்தேன். இந்தி எனக்குச் சுத்தமாக வராது. மராத்தியைப் பற்றிப் பேசவே வேண்டாம். காலையில் கட்கி ஸ்டேஷனில் லோக்கலைப் பிடித்துப் போய், சாயங்காலம் திரும்பி வரும்போது, அன்று முழுக்க என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்த்தால் 'ஹான் ஜி'யும் 'டீக் ஹை'யும்தான் மிஞ்சும். ஊருக்கு எஸ்.டி.டி. போட்டால் அம்மா சாப்பிட்டாயா என்று கேட்பாள், சாப்பிட்டேன் என்பேன், அதற்குள் பூத் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து வைத்துவிடுவேன். கம்பெனியில் வேலை செய்த ஒரு தமிழர்தான், கட்கியில் தனியாக இருக்கும் ஒரு டீச்சரம்மா பின்னறையை வாடகைக்கு விடுகிறார் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த டீச்சரம்மாதான் ஆன்ட்டி. கன்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் கட்கியில்தான். ஆனால் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் வேலைக்கு வந்த தகப்பனாரின் தமிழ் அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. "ஜல்தி வா பிள்ள, சப்ஜி ஆறிப் போவுது" என்று அவர் கூப்பிட்ட முதல் நாள், அது என்ன பாஷை என்று எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் அழுகை வந்துவிட்டது. யாரோ என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், அதுவும் எனக்குப் புரியும்படி. ஒரே பையன், மெல்போர்னில் இருந்தான். ஞாயிறு காலையில் போன் செய்வான். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டதென்றால் அது நானும் ஆன்ட்டியும்தான்.

அங்கிளை நான் பார்த்ததில்லை. சுவரில் இருந்த போட்டோவில் கோட்டுப் போட்டு, கேமராவை நம்பாத ஒரு பார்வையோடு இருப்பார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். அங்கே வாசலிலேயே ஆட்களைச் சோதனை போட்டுத்தான் உள்ளே விடுவார்களாம். தீப்பெட்டி, லைட்டர், பீடி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளில் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தவர், அதன்பிறகு வாழ்நாளில் ஒரு தீப்பெட்டியைக்கூடப் பையில் போட்டதில்லை என்று ஆன்ட்டி சொல்வார். வீட்டிலும் தொட மாட்டார். ஆனால் பைப் வேண்டும். அதனால் அவர் சாயங்காலம் வந்து கைகால் கழுவி, புகையிலையை அமுக்கி, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆன்ட்டி முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து பற்றவைப்பார். அணைந்த குச்சியைப் போட ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் இருக்கும். கல்யாணமான புதிதில் தொடங்கியது, அவர் படுக்கையில் விழும்வரை நடந்தது. "மாச்சிஸ் நான், பைப் அவுக" என்று ஆன்ட்டி சிரிப்பார். தீப்பெட்டிக்கு அவர் வாயில் மாச்சிஸ்தான்.

நான் வந்து சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் அவர் பீரோவைத் திறந்துபோட்டுக்கொண்டு அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அங்கிளின் கோட்டு. அதில் முகத்தைப் புதைத்து எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார். "எதாவது வாசம் வருதா பாரு." எனக்கு நாப்தலீன் உருண்டை வாசம்தான் வந்தது. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். "எனக்கும் அதான் வருது. போன மாசம் வரைக்கும் இருந்துச்சு பிள்ள. மொகம் போட்டோவுல இருக்கு. கொரலு பையன் கல்யாண கேசட்டுல இருக்கு. வாசத்த எதுல புடிச்சு வைக்க?" என்றார். கேட்டபடியே கோட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவர் அழுதிருந்தால்கூட எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். புகையிலை டப்பா இருக்கிறது, பைப் இருக்கிறது, பற்றவைக்க அவர் இருக்கிறார். ஆனால் யாராவது மறுபக்கத்தில் உறிஞ்சினால்தான் பைப்பில் நெருப்புப் பிடிக்கும். அவர் தன் வாயில் வைக்க மாட்டார். "நான் இழுத்தேன்னு சர்ச்சுல தெரிஞ்சா பாஸ்டரம்மா வீட்டுக்கே ஜெபம் பண்ண வந்திருவா" என்றார். சர்ச் ஆண்களில் யாரையாவது கூப்பிட்டு, என் புருஷன் பைப்பை இழுங்கள் என்று கேட்க முடியுமா? நான் சர்ச்சுக்கு வெளியே இருந்தவள். என் மூலம் எந்தச் செய்தியும் எங்கேயும் போகாது, ஏனென்றால் பேச எனக்கு ஆளே இல்லை. "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க ஆன்ட்டி" என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்கு மட்டும் பழக்கமா?" என்றார். அப்படித்தான் அந்த இருமல் நடந்தது.

முதலில் குற்றம் புகையிலை மேல் விழுந்தது. பழசாகிப்போய்க் காய்ந்திருக்கும் என்று இரண்டு பேரும் பஸ் பிடித்துக் கேம்ப் கடைத்தெருவுக்குப் போனோம். அங்கிள் எப்போதும் வாங்கும் கடை அங்கேதான் இருந்தது. அதே புகையிலை, புது டப்பா. கடைக்காரரிடம் ஆன்ட்டி, தம்பிக்கு வாங்குகிறேன் என்று கூசாமல் பொய் சொன்னார். வாசம் சரியாக வரவில்லை என்று சொன்னதற்கு அவர், நெருப்பில்தான் தப்பு இருக்கும், குச்சியைக் கிழித்ததும் பைப்பில் வைக்கக் கூடாது, நுனியிலுள்ள மருந்து முழுக்க எரிந்து மரம் பிடித்தபிறகுதான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புகையிலையே கெட்டுவிடும் என்று கண்ணாடிப் பெட்டிமேல் விரல் தட்டித் தட்டிச் சொன்னார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கு எப்படியும் குச்சி சீறும்போது மூக்கு பொசுங்கிவிடுமோ என்ற பயத்தில் மூச்சே வராது. சீறல் அடங்கியபிறகு இழுப்பதுதான் என் உடம்புக்கும் சௌகரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே செய்தோம். ஒரே குச்சியில் அழகாகப் பிடித்தது. புகை இனிப்பாக, சாதுவாக வந்தது. ஆன்ட்டி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தான் இருக்கு. பெரிய ஆபீசர் வீட்டு வாசம். இவுகளுது இல்ல" என்றார். அங்கே பிடித்தது எங்களுக்குப் பித்து. பஜாரில் கிடைத்த மெழுகுக் குச்சியைக் கொண்டுவந்தோம். அது மெழுகுவத்தி அணைந்த வாடையைக் கொடுத்தது, "கல்லறத் திருநா மாதிரி இருக்கு, எடு எடு" என்று விரட்டினார். கம்பெனியில் ஒருவரிடம் கெஞ்சி பெட்ரோல் லைட்டர் இரவல் வாங்கி வந்தேன். அறை முழுக்க ஸ்கூட்டர் நிறுத்துமிடத்து நாற்றம். கேஸ் லைட்டருக்கு வாசமே இல்லை. அதில்தான் ஆன்ட்டிக்குக் கோபம் அதிகம் வந்தது. கடைசியில் என் அம்மா கொடுத்தனுப்பிய சின்ன வெண்கல விளக்கில் நல்லெண்ணெய் ஊற்றி, பஞ்சுத் திரி போட்டு, அந்தச் சுடரில் ஒரு ஈர்க்குச்சியைக் கொளுத்திப் பற்றவைத்தோம். ஆன்ட்டி மோந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கோயிலுக்குள்ள போன மாதிரி இருக்கு பிள்ள. அவுக சர்ச்சுக்கே ஒழுங்கா வர மாட்டாக!"

அந்த ஞாயிறுகளுக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். லோக்கலில் நசுங்கிக்கொண்டு வரும்போது அடுத்து எந்த நெருப்பைச் சோதிக்கலாம் என்று யோசிப்பேன். புகை எனக்குப் பிடித்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், கடைசிவரை அது எனக்கு வாந்தி வரும் விஷயம்தான். ஒரு மனுஷி எனக்கு எதிரே ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்து, என் முகத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஊரில் அவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை. அவர் தேடியது வேறொரு முகத்தை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அது எனக்குப் போதுமானதாக இருந்தது. வாசம் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன். கிடைத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு என்ற பயமும் கூடவே இருந்தது.

கிடைத்தது ஒரு மழைநாளில். சாதாரண மரக்குச்சிக்கே திரும்பி வந்திருந்தோம். வெளியே காற்றோடு மழை பிடித்திருந்தது. ஆன்ட்டி குச்சியைக் கிழித்த அதே நொடியில் பின்கதவு படாரென்று திறந்துகொண்டது. அணைந்துவிடப் போகிறதே என்று அவர் கையால் மறைத்துக்கொண்டு, சீறிக்கொண்டிருந்த குச்சியை அப்படியே பைப் வாயில் வைத்தார். நானும் பதறிப்போய் ஒரு இழுப்பு இழுத்தேன். மருந்தின் கசப்பு நாக்கில் சுரீரென்றது. அதற்குள் காற்று குச்சியை அணைத்துவிட்டது. ஆன்ட்டி அதை டம்ளரில் போட்டார், 'உஸ்' என்றது. நான் கதவைச் சாத்த எழுந்தேன். "உக்காரு" என்றார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. "இன்னொண்ணு" என்று அடுத்த குச்சியைக் கிழித்துச் சீறலோடேயே வைத்தார், இழுத்தேன், அவரே ஊதி அணைத்தார். மூன்றாவது. நான்காவது.

பிறகு கையைக் கீழே போட்டுவிட்டார். என்னைத் தாண்டி, நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டு, "எத்தன தடவ சொல்லிருக்கேன், ஒரு பைப்புக்கு இத்தன குச்சி செலவழிக்காதீகன்னு. கேட்டாத்தானே?" என்று திட்டினார். உரக்க, உண்மையான எரிச்சலோடு. அவர் அங்கிளைத் திட்டி நான் கேட்டது அதுதான் முதல்முறை. இறந்தவரைப் பற்றி நல்லதாகவே பேசிப் பேசி அவரே களைத்துப்போயிருக்க வேண்டும். திட்டி முடித்ததும் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பைப்பைப் பிடித்துக்கொண்டு, எழுவதா இருப்பதா என்று தெரியாமல் அந்த நாற்காலியிலேயே இருந்தேன்.

அழுகை ஓய்ந்தபிறகு சொன்னார். அங்கிளால் எரிகிற குச்சியைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. குச்சி சீறியதும் அவசரமாக ஒரு இழுப்பு, உடனே ஊதி அணைத்துவிடுவார். ஒரு இழுப்பில் பைப் பிடிக்காது, மறுபடி கிழி என்பார். மகனின் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தியைக்கூடப் பாட்டு முடிவதற்குள் அவரே ஊதிவிடுவாராம், பையன் அழுவானாம். "வேலையில படிஞ்ச பயம். எனக்கு அது பயம்னே தோணல பிள்ள. இவுகளுக்கு ஒழுங்கா பத்தவைக்கத் தெரியலன்னே நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். கேம்ப் கடைக்காரர் எதைச் செய்யாதே என்று சொன்னாரோ அதைத்தான் அந்த மனிதர் தினமும் செய்திருக்கிறார். கெட்டுப்போன புகையிலையின் வாசம்தான் ஆன்ட்டியின் கணவர். "உனக்கும் வருதுல்லா?" என்று கேட்டார். "எனக்குக் கசப்புதானுங்க ஆன்ட்டி தெரியுது" என்றேன். அவர் காதில் அது விழவில்லை.

நான் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. வாசம் கிடைத்தபிறகும் ஞாயிறுகள் தொடர்ந்தன. தேடுகிற பரபரப்பு போய், நான்கைந்து குச்சிகளில் வேலை முடிந்து, அப்புறம் இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்போம். பிறகு நான் மென்பொருள் பக்கம் மாறினேன். ஹிஞ்சேவாடியில் வேலை, விடிவதற்குள் கம்பெனி வண்டி, டிராபிக்கில் இரண்டு மணிநேரம். கட்கியிலிருந்து போய்வர முடியவில்லை. ஆபீஸுக்குப் பக்கத்திலேயே இன்னும் மூன்று பெண்களோடு ஒரு பிளாட்டில் சேர்ந்துகொண்டேன். மூவரும் தமிழ்தான், நாலு பேரும் நாலு ஷிப்ட். ஒருத்தியின் செருப்பை வாசலில் பார்த்து, அவள் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வோம். கட்கிக்கு வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறையாயிற்று, அப்புறம் பண்டிகைக்கு என்று ஆயிற்று.

ஒரு நாள் ஆபீஸில் இருக்கும்போது செல்போனில் கூப்பிட்டார். "நானே இழுத்துப் பாத்தேன் பிள்ள" என்றார் எடுத்த எடுப்பில். பாஸ்டரம்மா பயத்தையெல்லாம் விட்டுவிட்டுத் தானே குச்சி கிழித்து, தானே இழுத்து, தானே ஊதி அணைத்திருக்கிறார். "ஒண்ணுமே வரல்ல. கசப்புதான் இருக்கு. இழுக்குறவுகளுக்கு வாசம் தெரியாது போல. எதிர்ல உக்காந்திருக்கவுகளுக்குத்தான் தெரியும் போல." சொல்லிவிட்டு அவரே, "அப்ப இத்தன நாளா நீ மோந்து பாத்ததே இல்லியா?" என்று கேட்டார். இல்லீங்க என்றேன். "அரே" என்றார். தன் கஷ்டத்தைச் சொல்லக் கூப்பிட்டவர், அதை மறந்துவிட்டு எனக்காக வருத்தப்பட ஆரம்பித்துவிட்டார்.

மகன் அவரை மெல்போர்னுக்கே அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தபோது, கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு போனேன். வீடு காலியாகிக்கொண்டிருந்தது. பைப்பை ஒரு புடவைக்குள் சுருட்டிப் பெட்டியில் வைக்கப்போவதாகச் சொன்னார். மாச்சிஸைத்தான் விமானத்தில் விட மாட்டார்களாம். "அங்கயும் கேட்டுல சோதன போட்டு எடுத்துருவாகளாம் பிள்ள. பையன் வீட்டுல கொஞ்சம் பொக வந்தாலே கூரையில மணி அடிக்குமாம்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, நான் வழக்கமாக உட்காரும் பிரம்பு நாற்காலியில் போய் அவர் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முக்காலியைக் காட்டினார். "இன்னிக்கு நீ அங்கன உக்காரு. நான் இழுக்குறேன்."

"வேண்டாங்க ஆன்ட்டி, போறதுக்கு முன்னாடி கடைசியா நீங்க மோந்துக்கங்க" என்றேன். "எனக்குத்தான் தெரியுமே. நான் போயிட்டா அப்பறம் யாருக்குத் தெரியும்?" என்றார்.

முக்காலியில் உட்கார்ந்தேன். குச்சியைக் கிழித்துச் சீறலோடேயே வைத்தேன். ஆன்ட்டி கன்னம் ஒட்ட ஒரு இழுப்பு இழுத்து, இருமலை அடக்கிக்கொண்டு ஊதி அணைத்தார். டம்ளரில் போட்டேன். இரண்டாவது. மூன்றாவது. அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, புகையாலா என்று தெரியவில்லை. நான்காவது குச்சி அணைந்தபோது அது என்னிடம் வந்தது. முதலில் மருந்தின் காரம். அதன் பின்னால், அடிப்பிடித்த வெல்லப்பாகு போல ஒரு இனிப்பு. அதற்கும் பின்னால் தண்ணீரில் அணைந்த குச்சியின் ஈரக்கரி. யாரோ வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, இனி எங்கும் போக வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆன்ட்டி பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வந்தவரை வீட்டாருக்கு அறிமுகம் செய்துவைப்பதுபோல, "இவுகதான் பிள்ள" என்றார்.

அங்கே போன சில வருடங்களில் ஆன்ட்டி இறந்துபோனார். மகன் போன் செய்து சொன்னான். பேசி முடிக்கும்போது, அப்பா பைப் குடிக்கும் வாசம் அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நான் எப்போதும் வெளியே விளையாடப் போய்விடுவேன், அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை என்றான். ஆக, இந்த உலகத்தில் அங்கிளின் வாசம் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். அவரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.